என் உலை, அவள் கல்

நறுமுகைக்கு ஒன்பது வருஷம் நகம் வெட்டிவிட்டவள் நான். என்னைப் பொறாமைக்காரி என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொண்டு வந்து பேசட்டும்.

நறுமுகை என் ஓரகத்தி. கொழுந்தன் செழியனின் மனைவி. குளிர்ப்பேழையில் படுத்தால் உடம்பு ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே ஒன்பது வருஷம் ஓடினால் உள்ளே இருப்பவருக்கு நாலைந்து மாதம் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நகம் மட்டும் என்ன திமிரோ, வளரும். வளர்ந்து உள்ளங்கையைக் குத்தும். விழித்திருப்பவர்கள் வெட்டிவிட வேண்டும். விழித்திருந்தது நானும் என் மாமியாரும்தான். அத்தை தன் இரண்டு பிள்ளைகளின் நகத்தையும் எடுத்துக்கொண்டு, "எனக்குக் கை நடுங்குது மரகதம். அந்தப் பொண்ணு விரல் பூ மாதிரி இருக்கு, நீயே பார்த்துக்கோ" என்று நறுமுகையை என் தலையில் கட்டினார். பிள்ளைகளுக்கு நடுங்காத கை சின்ன மருமகளுக்கு மட்டும் நடுங்கியது.

அத்தையின் பெயர் வர்ஷினி. அந்தக் காலத்துப் பெயர். பேழைத் தூக்கத்துக்கான டாக்டர் அவர். என் கணவன் இளம்பரிதியும் அவன் தம்பி செழியனும் நங்கூர வேலைக்காரர்கள். ஈர்ப்பே இல்லாத குட்டிக்கோள்களில் விண்கப்பலைக் கட்டி நிறுத்துவது அவர்கள் தொழில். நறுமுகை கல் ஆராய்ச்சிக்காரி, நான் உலைக்காரி. ஆக, 'செண்பகம்' என்கிற எங்கள் கப்பலில் ஐந்து பேரும் ஒரே குடும்பம். முன்பெல்லாம் ஒருவரையொருவர் தெரியாத ஆட்களைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தார்களாம். பாதி வழியில் பேச்சுவார்த்தை நின்று ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். குடும்பம் என்றால் எவ்வளவு சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

எல்லாம் ஒரு கல்லால் வந்தது. கைக்குள் அடங்குகிற, வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு விண்கல். கல்யாணமாகி வந்த புதிதில், கோயம்புத்தூர் வீட்டுச் சமையலறை மேடையில் அதை வைத்து அத்தைக்கு விளக்கினாள் நறுமுகை. நான் அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதுக்காகவா அம்புட்டு தூரம் போகணும்ங்கறே?" என்று அத்தை கேட்டார்.

"அத்தை, இது பூமியைவிட வயசுல மூத்தது. சூரியன் பிறந்த புதுசுல குட்டிக்குட்டிக் கோளுங்க நிறைய இருந்துச்சு. அதுக்குள்ள இருந்த ஒரு வகை அலுமினியம் தானாவே சூடு கக்கும். அந்தச் சூட்டுல கோளு உள்ளுக்குள்ளேயே உருக ஆரம்பிச்சுது. முழுக்க இல்ல, கொஞ்சம்தான். தேங்காயைத் துருவிப் பிழிஞ்சா முதல்ல கெட்டியா ஒரு பால் வருமே? அது மாதிரி, சீக்கிரம் உருகறது மட்டும் பிழிஞ்சு மேல வந்து, வெளிக்குளிர்ல உறைஞ்சு தோலாயிடுச்சு. இது அந்தத் தோலு."

"மிச்சத் தோலெல்லாம் எங்கே?"

"ஒண்ணோடொண்ணு மோதி நொறுங்கிப் போச்சு. இல்லேன்னா பெரிய கோளுங்க விழுங்கிடுச்சு. இப்படி விண்கல்லா வந்து விழுந்த ஒண்ணு ரெண்டு துண்டுதான் நம்ம கையில இருக்கு. ஆனா இப்ப தோல் உரியாத ஒரு குட்டிக்கோளையே கண்டுபிடிச்சிருக்காங்க அத்தை. அதுல பட்டுத் திரும்பற வெளிச்சமும் இந்தக் கல்லுல பட்டுத் திரும்பற வெளிச்சமும் ஒண்ணா இருக்கு."

அத்தை அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து பத்து வருஷமாகியும் என் கன்னத்தை யாரும் வழித்ததில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் என் கண்ணில் வந்த நீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

அந்தக் கல்லில் ஒரு புதிர் இருந்தது. பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு பெரிதாக விளையும். கல்லும் அப்படித்தான், அதன் படிகங்களைப் பார்த்தால் எவ்வளவு மெதுவாக ஆறியது என்று சொல்லிவிடலாம். இந்தக் கல் வாரத்துக்கு ஓரிரு டிகிரி என்கிற கணக்கில் ஆறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் பாதி வழியில் ஒரு கரிய வளையம். ஆறிக்கொண்டே வந்தது எதற்கோ நின்று, கொஞ்சம் சூடேறி, மறுபடி ஆறியிருக்கிறது. தோல் மிகவும் கனமாக இருந்தால், உள்ளே மீதி இருக்கும் குழம்பு உறையும்போது விடுகிற சூட்டிலேயே அந்த வளையம் தானாக வந்துவிடும் என்பது நறுமுகையின் கருத்து. அது சரியென்றால் அந்தக் குட்டிக்கோளின் தோல் ஒரே கனத்த பாளம். நங்கூரத்தை நம்பி இறக்கலாம்.

சரியா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. அதே கலவையை உருக்கி, அதே நிதானத்தில், வருஷக்கணக்கில் ஆறவைத்துப் பார்ப்பது. பூமியில் செய்தால் அதன் இழுப்பில் படிகமெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். போகிற வழியில், சுற்றுகிற கப்பலின் நட்டநடுவில், இழுப்பு எட்டாத இடத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். இங்கேதான் ஆராய்ச்சித் தொழிலின் விதி ஒன்று குறுக்கே வந்தது. எவருடைய கருத்தோ அவர் உலைப் பக்கம் போகக் கூடாது. ஆசை வைத்த கண் இல்லாததையும் பார்த்துவிடும். ஆகவே நறுமுகை தூங்க வேண்டும். கருத்து எதுவும் இல்லாத இன்னொருத்தி விழித்திருந்து உலையைப் பார்க்க வேண்டும்.

உலை வேலை தெரிந்தவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "நான் இருக்கேன்" என்று நானே வாயைவிட்டேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்.

ஒன்பது வருஷம் அந்த உலைதான் எனக்கு எல்லாம். உள்பூச்சு வெடிக்கும், நீளக் கரண்டியால் பூசுவேன். சூடு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வடிகுழாயைத் துடைத்துக் கொஞ்சுவேன். காது கேட்டுக் கேட்டு, அது இரைகிற இரைச்சலை வைத்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். கல் அவளுடையதாக இருக்கட்டும், கருத்தும் அவளுடையதாக இருக்கட்டும். உலை என்னுடையது. அதிலிருந்து என்ன வந்தாலும் அதில் எனக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன்.

அத்தையோ பேழைகளைச் சுற்றிச்சுற்றி வந்தார். "தூங்கறப்பகூட என்ன லட்சணம் பாரு! கல்யாணத்தன்னிக்குப் பார்த்த மாதிரியே இருக்கா." நான் குனிந்து அந்த லட்சணத்தின் நகத்தை வெட்டிக்கொண்டிருப்பேன். என் கையில் உலைச்சூடு பட்டுப்பட்டுத் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. அவள் கை வெண்டைக்காய்ப் பிஞ்சு. வயிறு எரிந்தது. எரியாது என்று எவளாவது சொன்னால் அவள் பொய் சொல்கிறாள்.

போய்ச் சேர்ந்ததும் மூவரையும் எழுப்பினோம். முதலில் பரிதி. அவன் கண் விழிக்கும்போது என் முகம்தான் தெரிய வேண்டும் என்று தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு பேழை அருகில் நின்றேன். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். காய்ந்த தொண்டையில், மிகவும் மரியாதையாக, "மரகதம் எங்கங்க?" என்று கேட்டான்.

என்னிடமே கேட்டான். முப்பத்தாறு வயசில் படுத்தவன் முப்பத்தாறு வயசில் எழுந்திருந்தான். எனக்கு நாற்பத்தைந்து. முன்பக்கம் நரை. அடுத்த நிமிஷமே தெரிந்துகொண்டு என் கையைப் பிடித்து அழுதான். நான் அழவில்லை. அதற்குள் பக்கத்துப் பேழையில் நறுமுகை எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, "அக்கா, உலை எப்படி இருக்கு?" என்றாள். 'நீங்க எப்படி இருக்கீங்க' என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

மறுநாள் உலையைத் திறந்தோம். வாணலி அளவுக்கு, பச்சை ஓடிய ஒரு கல்கட்டி. நறுமுகை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். சீவலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு குதித்தாள்.

"வளையம்! அக்கா, வளையம் வந்திருக்கு! தானாவே வந்திருக்கு! நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?"

செழியன் அவளைத் தூக்கிச் சுற்றினான். பரிதி கை தட்டினான். அத்தை திருஷ்டி கழிக்கிறேன் என்று உப்பும் மிளகாயும் எடுக்கப் போய்விட்டார். நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அதே கரிய வளையம். ஒவ்வொரு படிகத்திலும், பாதிக்குச் சற்று முன்னால்.

பாதிக்குச் சற்று முன்னால் என்றால் நாலாவது வருஷம்.

நாலாவது வருஷம் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கப்பல் குளிரில் இட்லி மாவு புளிக்கவே மாட்டேன் என்றது. அத்தை அரைப்பார், மாவு கல் மாதிரி கிடக்கும். ஒரு நாள் பார்த்தால் இட்லி பூப்போல வருகிறது. எனக்கும் நாக்கு செத்துப்போயிருந்ததால் எப்படி என்று கேட்காமல் சாப்பிட்டேன். மாதக்கணக்கில் சாப்பிட்டேன். பிறகுதான் ஒரு நாள் உலையின் பின்பக்கம் போனபோது பார்த்தேன். சூடு வெளியேறுகிற வடிகுழாயின் வாயிலே பெரிய எவர்சில்வர் தூக்கை வைத்து, துணியால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார் அத்தை.

"கப்பல்லயே வெதுவெதுன்னு இருக்கற இடம் அது ஒண்ணுதான்டி. மாவு கிண்ணுனு பொங்குது!" என்று சிரித்தார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பேழைக்குள் இருந்தவர்கள் எழுந்திருக்க வேண்டும். தூக்கை எடுத்தோம். அளவுமானியைப் பார்த்தேன், சூடு சொற்பமாகத்தான் ஏறியிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். சொற்பம் என்று நான் நினைத்தது படிகத்துக்குச் சொற்பமில்லை போலிருக்கிறது. வெளியேற வேண்டிய சூட்டை மாவுத்தூக்கு மறித்ததால் வந்த வளையம் அது. தானாக எதுவும் வரவில்லை. நறுமுகையின் கருத்துக்கும் அந்த வளையத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை உப்பு மிளகாயைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தூக்கு ஞாபகமே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பேசாமல் இரு மரகதம், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பூமிக்கு அறிக்கை அனுப்பட்டும். பேரும் புகழும் வரட்டும். நாலு பேர் மாலை போடட்டும். அப்புறம் ஒரு நாள் சாவகாசமாக, 'அது மாவுத்தூக்கு' என்று சொன்னால் போதும். அந்த முகத்தைப் பார்க்க இன்னும் ஒன்பது வருஷம்கூட விழித்திருக்கலாம்.

அன்று மாலையே அவள் அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். பரிதியும் செழியனும் நங்கூரத்தைத் துடைத்து எண்ணெய் போட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் என் பாயசம் கசந்தது.

கீழே அந்தக் குட்டிக்கோள் சாம்பல் பச்சையில் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. அதன் நடுவில் மழமழவென்று ஒரு சமவெளி. நங்கூரச் சட்டத்தோடு தங்களையும் கட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் அங்கே இறங்குவார்கள். திருகாணியைப் பாளத்துக்குள் இறக்கி, கப்பலின் வடத்தை இழுத்துக் கட்டுவார்கள். தோல் கனமாக இருந்தால் வடம் தாங்கும். கனமில்லாமல் இருந்தால்? ரேடார் அந்த மேல்தகட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல, உலையிலிருந்து வந்த அந்த வளையத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றிவளைத்துப் பார்த்தேன்.

"பரிதி, முதல்ல மேலேருந்து ஒரு இரும்புக் குண்டு போட்டுப் பார்த்துட்டு இறங்கினா என்ன?"

"எதுக்கு? இருக்கறதே ரெண்டு குண்டு. அதைத் துருவத்துக்குன்னு வெச்சிருக்கோம். உலைதான் அடிச்சுச் சொல்லிடுச்சே."

"இல்ல, ஒரு பாதுகாப்புக்கு..."

"ஒன்பது வருஷம் நீ பார்த்த உலை மரகதம். அதை நான் நம்பலேன்னா வேற எதை நம்புவேன்?" என்று என் நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டான்.

பாவி! அந்த நேரம் பார்த்துத்தானா அவனுக்கு என்மேல் நம்பிக்கை வர வேண்டும்?

மறுநாள் காலை இட்லி. இறங்குவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்று அத்தை அவித்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நறுமுகை சட்னியைத் தொட்டுக்கொண்டே அறிக்கையின் கடைசி வரியைப் படித்துக் காட்டினாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"அந்த வளையம் தானா வரல" என்றேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். மாவுத்தூக்குக் கதையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அண்ணனும் தம்பியும் சாகக் கூடாது என்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் திறந்தபோது அவள் முகம் விழுவதைப் பார்க்கவும் ஆசைப்பட்டேன். விழுந்தது. ரத்தம் வடிந்து வெளுத்துப்போனது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் அண்ணி நேத்தே சொல்லல?" என்றான் செழியன்.

நறுமுகை மட்டும் கோபப்படவில்லை. கையில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது. "எத்தனை மாசம் இருந்துச்சு அக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். "எடுத்ததும் சூடு உடனே இறங்கிடுச்சா, மெதுவாவா?" சொன்னேன். "துணி சுத்தியிருந்துச்சா?" சுற்றியிருந்தது என்றேன். அவள் இட்லியை வாயில் போட்டுக்கொண்டு மென்றாள். மென்று விழுங்குவதற்குள் அவள் கண் பளிச்சென்றது.

"அப்படின்னா அந்தக் கல்லு மேலயும் யாரோ தூக்கு வெச்சிருக்காங்க!"

"என்னடி உளர்றே?" என்றார் அத்தை.

"அத்தை, தோல் வெட்டவெளியில உறையல. உறைஞ்சிட்டு இருக்கறப்பவே மேல எதோ வந்து மூடியிருக்கு. வேற கல்லு மோதித் தெறிச்ச புழுதி. புழுதி சூட்டை விடாது, போர்வை மாதிரி. அதனாலதான் வளையம். அந்தப் புழுதி மேல இன்னொரு குழம்பு வந்து பரவியிருக்கும். அதுவும் உறைஞ்சிருக்கும். அப்ப கீழ இருக்கறது பாளமே இல்ல. மேல அப்பளம், உள்ள மாவு!"

நான் அவளைக் கீழே தள்ளத்தான் அந்த உண்மையைப் போட்டேன். அதையே ஏணியாகச் சாத்தி மேலே ஏறிவிட்டாள். அந்தத் தூக்கை அவிழ்த்தவள் நான். அந்த மாவின் இட்லியைத் தின்றவள் நான். ஐந்து வருஷம் அதை மண்டைக்குள் வைத்திருந்து எனக்குத் தோன்றாதது, ஒரு வாய் இட்லியில் அவளுக்குத் தோன்றிவிட்டது. வயித்தெரிச்சல் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

பரிதி எழுந்து போய் இரும்புக் குண்டை இறக்கினான். ஐந்து பேரும் சன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். குண்டு சமவெளியின் நடுவில் போய் விழுந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தகடு நட்சத்திரமாக விரிசல் விட்டது. ஒரு தெரு அகலத்துக்கு அப்படியே உள்ளே போனது. புழுதி எழும்பி, எழும்பி, இறங்குவதற்கே மனமில்லாமல் நின்றது. அண்ணனும் தம்பியும் அங்கே கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம் அது.

அத்தை பரிதியின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். செழியன் என் பக்கம் திரும்பி, "அண்ணி" என்று மட்டும் சொன்னான். முந்தின நாள் மாலையிலிருந்து அன்று காலை வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் எனக்கு அந்தப் புழுதியில் தெரிந்தது.

நங்கூரத்தை விளிம்பில் இருந்த ஒரு மேட்டில் போட்டோம். அங்கே அடிப்பாளமே வெளியே துருத்திக்கொண்டிருந்தது. துளை போட்டுத் தண்டு தண்டாகக் கல் எடுத்தார்கள். தகடு, புழுதி, தகடு, புழுதி என்று நறுமுகை சொன்ன மாதிரியே அடுக்கடுக்காக இருந்தது. பூமிக்கு மூத்த தோல்கள் எப்படி உருவாயின என்பதற்கு முதல் நேர்ச்சாட்சி.

அறிக்கை போகும் முன் படித்துப் பார்த்தேன். கருத்துக்கு உரியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும்.

"என்ன இது?"

"உங்க உலைக்கா. மூடினதைக் கண்டுபிடிச்சது நீங்க. சொன்னது நீங்க. நான் தப்பாச் சொல்லி ரெண்டு பேரைக் கொல்லப் பார்த்தவ" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாள்! ஆனாலும் பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த வரியைத் திரும்பத்திரும்பத் திறந்து படித்தேன். நாற்பத்தைந்து வயசு அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. திரும்பும் வழியில் உலையை மறுபடி ஏற்ற வேண்டும். இந்த முறை வேண்டுமென்றே புழுதிப் போர்வை போட்டு, வளையம் கல்லில் இருப்பது மாதிரியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அது என் கருத்து. என் கருத்தென்றால் நான் உலைப் பக்கம் போகக் கூடாது. நான் தூங்குவேன். நறுமுகை விழித்திருப்பாள், துணைக்கு அத்தை. சாப்பாடு இரண்டு பேருக்குத்தான்.

பரிதிக்கு சந்தோஷம். "இனிமே நாம சேர்ந்து தூங்கி சேர்ந்து எந்திரிக்கலாம் மரகதம். உனக்கு வயசு இதோட நிக்கட்டும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த பேழையில் படுத்தோம். செழியன் ஏற்கெனவே தூங்கிப்போயிருந்தான்.

அப்போது நறுமுகை குனிந்து என் கையை எடுத்துப் பார்த்தாள். "நகத்தை நான் பார்த்துக்கறேன்கா. உலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. மூணாவது வருஷத்துல போர்வையைக் கொஞ்சம் தடிமனாக்கிப் பார்க்கலாமான்னு ஒரு யோசனை இருக்கு..."

அவளுக்குப் பின்னாலிருந்து அத்தை, "நீ நிம்மதியாத் தூங்கு. இவ கை பட்டா எல்லாம் நல்லாத்தான் வரும்" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அத்தை, வந்து படுங்க."

"எங்கேடி?"

"இதுலதான். கருத்து என்னோடது இல்ல, உங்களோடது. தூக்கை வெச்சது யாரு? கயிறு போட்டுக் கட்டினது யாரு? உலகத்துலயே முதல்ல ஒரு குட்டிக்கோளு தோலுக்குப் போர்வை போட்டுப் பார்த்தது நீங்கதான். விதின்னா விதி. நீங்கதான் உலைப் பக்கம் போகக் கூடாது."

"அடிப்பாவி! நான் மாவு புளிக்க வெச்சேன்!"

"பேழையை எப்படிப் பார்க்கணும்னு ஒன்பது வருஷமா எனக்குச் சொல்லிக்குடுத்துட்டீங்க. டாக்டர் வேலையும் நானே பார்த்துக்கறேன். படுங்க."

பக்கத்துப் பேழையில் பரிதி தலையைத் தூக்கினான். மருந்து ஏற ஆரம்பித்திருந்தது. "மரகதம்... நான்?" என்றான்.

அவன் எழும்போது எனக்கு ஐம்பத்துநாலு ஆகியிருக்கும். அவன் இப்படியேதான் இருப்பான். அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். கண்ணீரும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் என் உலையின் முன்னால் அவள் தனியாக நின்று, முதல் வளையத்தை முதல் ஆளாகப் பார்ப்பதை நினைத்தபோது, படுத்திருக்க என்னால் முடியவில்லை. "நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்" என்றேன்.

நறுமுகை இன்னும் அனுப்பாத அறிக்கையை எடுத்து என் பெயரை அடித்துவிட்டு 'டாக்டர் வர்ஷினி' என்று எழுதினாள். பூமியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் போர்வைக் கொள்கையை விளக்கச் சொல்லி அத்தைக்கு எழுதியிருக்கிறார்கள். டாக்டர் தூங்குகிறார் என்று பதில் போட்டிருக்கிறோம்.

இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது. நானும் அவளும்தான். போர்வை தடிமனாக இருக்க வேண்டும் என்பாள், கூடாது என்பேன். இரைச்சலைக் கேட்டே டிகிரி சொல்ல அவளும் பழகிக்கொண்டாள். பாதி நாள் என்னைவிடச் சரியாகச் சொல்கிறாள், அன்றெல்லாம் நான் அவளோடு பேசுவதில்லை. உலைச்சூட்டில் அவள் கையும் கறுத்து வருகிறது. நகத்தை அவளே வெட்டிக்கொள்கிறாள்.

போன வாரம் அவள் உள்பூச்சு பூசக் குனிந்தபோது பார்த்தேன். வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு முடி, வெள்ளை வெளேரென்று. சமையலறைக்குப் போய், பண்டிகைக்கென்று பொத்திவைத்திருந்த முந்திரி, திராட்சை எல்லாவற்றையும் போட்டுப் பாயசம் வைத்தேன். நறுமுகை வந்து உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, தலையைக் குனிந்து அந்த முடி எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதற்குப் பாயசம் என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை.